அப்பா ஓடாத பத்து கிலோமீட்டர்

அந்த மனிதர் தன் வாழ்நாளில் ஒருமுறைகூட ஓடியதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் அவர் இறந்து ஒரு வருஷம் ஆவதற்குள் அவரைப் பெரிய ஓட்டக்காரராக ஆக்கிவிட்டார்கள். பஸ் டிப்போவில் முப்பத்தைந்து வருஷம் டைம் கீப்பராக இருந்தவர். ஜன்னலோரம் ஒரு மர நாற்காலி, முன்னால் ஒரு மேசை, சுவரில் ஒரு கடிகாரம். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பியது, எது எத்தனை நிமிஷம் தாமதம் என்று எழுதுவதுதான் வேலை. ஊரே மூச்சிரைக்க ஓடிப் பிடிக்கும் பஸ்ஸை அவர் ஓடிப் பிடித்ததில்லை. கண்ணெதிரே ஒரு வண்டி கிளம்பிப் போனாலும் அசைய மாட்டார். அடுத்தது எப்போது வரும் என்று அவருக்குத் தெரியும். அந்த நேரப் பட்டியலைப் போட்டவரே அவர்தானே.

அவருக்குப் பிள்ளைகள் இரண்டு பேர். பெரியவன், சின்னவள். வீட்டில் அப்படித்தான் கூப்பிட்டார், கடைசி வரைக்கும்.

பெரியவன் வெளியூரில் ஒரு கம்பெனியில் ஆட்களை வேலைக்கு எடுக்கிற, பிறகு அதே ஆட்களைச் சிரித்த முகத்தோடு வீட்டுக்கு அனுப்புகிற பதவியில் இருந்தான். நாற்பத்து மூன்று வயதில் டாக்டர் ரத்தத்தில் கொழுப்பு என்று சொன்னதிலிருந்து ஓட ஆரம்பித்தவன். ஓட ஆரம்பித்தவர்கள் சும்மா ஓடிவிட்டுப் போவதில்லை, நமக்கும் சொல்லிவிட்டுத்தான் போவார்கள். இன்று எத்தனை கிலோமீட்டர், இதயம் எத்தனை முறை துடித்தது, எவ்வளவு வியர்வை என்று தினமும் காலையில் குடும்பத்தார் அனைவரின் போனுக்கும் படம் வந்துவிடும். அவன் கையில் ஒரு கடிகாரம் இருந்தது. பத்து நிமிஷம் உட்கார்ந்தால் எழுந்திரு என்று அதட்டும். அப்பாவின் கடிகாரம் அப்படியெல்லாம் யாரையும் அதட்டியதில்லை.

சின்னவள் ஊரிலேயே ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாள். அப்பாவின் இரண்டு சிறுநீரகமும் கையை விரித்த பிறகு நாலு வருஷம், வாரத்துக்கு மூன்று நாள், அவரை டயாலிசிஸுக்குக் கூட்டிப் போய்க் கூட்டி வந்தவள் அவள்தான். இதற்காக அவள் போனில் யாருக்கும் படம் அனுப்பவில்லை.

முதல் வருஷ நினைவு நாளுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது பெரியவனிடமிருந்து குரல் பதிவு வந்தது. அப்பா நினைவாகப் பத்து கிலோமீட்டர் ஓட்டம், வருகிற பணம் மொத்தமும் அந்த டயாலிசிஸ் பிரிவுக்கே, எல்லாம் தன் பொறுப்பு என்றான். சின்னவளுக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் எதைச் சொல்லி எரிந்து விழுவது? விஷயம் நல்ல விஷயம். பெரியவன் செய்கிற காரியங்களில் இருக்கிற பெரிய தொல்லையே இதுதான். நின்று திட்டுவதற்கு ஓர் அடி இடம்கூட விட்டு வைக்க மாட்டான்.

நோட்டீஸ் அடிக்கும் வேலை அவள் தலையில் விழுந்தது. கடை இருக்கிறதே. 'தினமும் விடியற்காலையில் ஓடி, சுறுசுறுப்பின் அருமையைத் தன் பிள்ளைகளுக்கு உணர்த்திய உத்தமர்' என்று எழுதி அனுப்பியிருந்தான். போன் போட்டு, அப்பா எப்போது ஓடினார் என்று கேட்டாள். அதெல்லாம் ஓர் உணர்வு, வரிக்கு வரி பார்க்கக் கூடாது என்றான். அவள் இரண்டு எழுத்துப் பிழையைத் திருத்தினாள். மீதிப் பிழையை அப்படியே விட்டு ஐந்நூறு பிரதி எடுத்தாள்.

டி-ஷர்ட் அதைவிட மோசம். அப்பாவுக்கு முழு உருவப் படம் என்று இருந்தது ஒன்றே ஒன்றுதான். ஓய்வு பெற்ற அன்று டிப்போவில் அதே மர நாற்காலியில் உட்கார வைத்து எடுத்தது. படம் வடிவமைத்தவன் கெட்டிக்காரன். நாற்காலியை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, செருப்பு இருந்த இடத்தில் வெள்ளை ஷூவை ஒட்டி, பின்னால் காற்று அடிப்பதுபோல நாலு கோடு இழுத்துவிட்டான். முழங்கால் மடங்கியிருந்ததால் ஓடுகிறார் என்று நம்பச் சொன்னார்கள். பார்ப்பவர்களுக்கு, யாரோ நாற்காலியைப் பின்னாலிருந்து உருவிவிட்டது இன்னும் தெரியாமல் அந்தரத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெரியவர்தான் தெரிந்தார். முந்நூறு டி-ஷர்ட்டில் முந்நூறு அப்பா அப்படி உட்கார்ந்திருந்தார்.

இனி தண்ணீர் விஷயத்துக்கு வருவோம். இந்தக் கதையே அதில்தான் இருக்கிறது.

டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களுக்குக் குடிக்கிற தண்ணீர் வெளியே போக வழி கிடையாது. உடம்பிலேயே தங்கும். காலில் இறங்கும், முகத்தில் ஏறும், கடைசியில் நெஞ்சுக்குள் புகுந்து மூச்சை அடைக்கும். மெஷின்தான் அதை உறிஞ்சி எடுக்க வேண்டும். அதனால் அப்பாவுக்கு ஒரு நாளைக்கு அறுநூறு மில்லி என்று கணக்கு. சின்னவள் ஒரு எவர்சில்வர் டம்ளரை எடுத்து, நூறு மில்லி வருகிற இடத்தில் உள்பக்கமாக ஆணியால் ஒரு கோடு கிழித்தாள். நாளைக்கு ஆறு டம்ளர். அப்பா உடனே ஒரு தாள் எடுத்து நேரப் பட்டியல் போட்டுவிட்டார். ஆறு பத்து, ஒன்பது இருபது, பன்னிரண்டரை, மூன்றே முக்கால், ஏழு, ஒன்பதே கால். சமையலறைச் சுவரில் ஒட்டியாயிற்று. ஒவ்வொரு டம்ளரும் ஒரு வண்டி. காலை முதல் வண்டியில் மாத்திரையும் ஏறும்.

சட்டம் போட்டவரே சட்டத்தை உடைப்பதிலும் மன்னன். வாய் கொப்பளிக்கப் போனால் கால் மணி நேரம் வரமாட்டார். குளியலறையில் குழாய்ச் சத்தம் நின்ற பிறகும் உள்ளேயே இருப்பார். ஐஸ்கட்டி ஒன்று கேட்டு வாங்கி, அது கரைகிற வரை கன்னத்தில் அடக்கிக்கொண்டு, வாய் திறந்து பேசாமல் தலையை மட்டும் ஆட்டுவார். பிற்பகலில் சமையலறை ஜன்னலுக்கு வந்து, "வண்டி கொஞ்சம் முன்னாடி வரக் கூடாதா, சின்னவளே?" என்று கேட்பார். "வராது. மூணே முக்காலுக்குத்தான்" என்பாள். அவரும் சரி என்று போய்விடுவார். தினமும் இதே கேள்வி, இதே பதில். நாலு வருஷம்.

அந்த நாலு வருஷமும் அவள் அப்பா எதிரில் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. தாகம் எடுத்தால் பின்கட்டுக்குப் போய், சுவரைப் பார்த்து நின்று, சத்தம் வராமல் விழுங்கிவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வருவாள். சொந்த வீட்டில் திருடி மாதிரி.

பெரியவன் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவான். பை நிறையப் பழம் வாங்கி வருவான், அதில் பாதி அப்பா தொடவே கூடாதது. கடைசியாக அவன் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கிழமைக்கும் திங்கட்கிழமைக்கும் நடுவில் இரண்டு நாள் மெஷின் கிடையாது. டயாலிசிஸ் வீடுகளில் அந்த ஞாயிற்றுக்கிழமையை எல்லோரும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் கடப்பார்கள். அன்றைக்குப் பார்த்து ஒரு கல்லூரி மாணவி ஆய்வேட்டைப் பிரதி எடுக்க வேண்டும் என்று வாசலில் வந்து நின்றாள். பெரியவன்தான் இருக்கிறானே என்று நம்பி சின்னவள் ஒரு மணி நேரம் கடைக்குப் போய்வந்தாள்.

திரும்பியபோது அப்பா முகத்தில் ஒரு களை. அப்படி ஒரு களையை அவள் வருஷக் கணக்கில் பார்த்ததில்லை. அவள் நேரே சமையலறைக்குப் போனாள். குப்பைக் கூடையில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டு காலியாகக் கிடந்தன. எடை மெஷினைக் கொண்டுவந்து வைத்தாள். காலையில் பார்த்ததைவிட இரண்டு கிலோ கூட.

"துணி கனமா இருக்கும்" என்றார் அப்பா.

அவள் திட்டினாள். வாயில் வந்ததையெல்லாம் சொன்னாள். நீங்கள் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வீர்கள், அல்லாடுவது நான் என்றுகூடச் சொன்னாள். பெரியவன் நடுவில் வந்து, விடு விடு, ஒரு நாள்தானே, மனுஷன் எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார் பார் என்று பஞ்சாயத்து செய்துவிட்டு மாலை ரயிலுக்குக் கிளம்பிப் போனான். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகலாமா என்று அவளுக்கு ஒரு நினைப்பு வந்தது. அசதியாக இருந்தது. காலை ஆறு மணிக்கு எப்படியும் மெஷினுக்குப் போகத்தானே போகிறோம் என்று விட்டுவிட்டாள். காலை ஐந்து மணிக்கு அப்பாவுக்கு மூச்சு முட்டியது. ஆட்டோ ஆஸ்பத்திரி வாசலைத் தொடும்போது அவர் இல்லை.

ஏற்கெனவே பலவீனமான இதயம் என்று டாக்டர் சொன்னார். எல்லோரும் அதையே சொன்னார்கள். சின்னவள் அந்த இரண்டு கிலோவைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் பெரியவன் மாட்டுவான். ஆனால் அடுத்த கேள்வி, எடை பார்த்த நீ என்ன செய்தாய் என்று அவள் பக்கம் திரும்பும். அதுவும் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், அப்பா அவளை ஏமாற்றிவிட்டுப் போனது. நாலு வருஷம் பக்கத்தில் இருந்தவளைக் காவல்காரி ஆக்கிவிட்டு, கடைசித் தண்ணீரை விருந்தாளி கையில் வாங்கிக் குடித்தாரே என்ற ஆத்திரம் ஒரு வருஷமாக அவள் தொண்டையில் நின்றது. இந்த ஓட்டம் முடிவதற்குள் அதைப் பெரியவனிடம் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்திருந்தாள். எப்போது, எப்படி என்பது மட்டும் பிடிபடவில்லை.

ஓட்டப் பாதையில் திரும்புமுனை ஐந்தாவது கிலோமீட்டர். அங்கேதான் தண்ணீர்ப் பந்தல். "தண்ணி விஷயம் உனக்குத்தானே நல்லாத் தெரியும், நீயே பாத்துக்கோ" என்று பெரியவன் ஒப்படைத்துவிட்டான். அவள் கணக்குப் போட்டாள். ஆளுக்கு நூறு மில்லி. முந்நூறு பேருக்கு முப்பது லிட்டர். அவசரத்துக்குப் பத்து லிட்டர் கூடுதல். இருபது லிட்டர் கேன் இரண்டு. கொஞ்சம் தாராளமாகவே போட்டுவிட்டோமோ என்றுகூட நினைத்தாள்.

ஆறு மணிக்கு என்று நோட்டீஸில் போட்டிருந்த ஓட்டம் ஏழே முக்காலுக்குத்தான் தொடங்கியது. மூன்று பேர் பேசினார்கள். ஷூ கடைக்காரர் ஷூவைப் பற்றிப் பேசினார். இன்ஷூரன்ஸ்காரர் எல்லோரும் ஒருநாள் சாவோம் என்று நினைவுபடுத்தி, தன் மேசை எங்கே போட்டிருக்கிறது என்றும் சொன்னார். தலைமை விருந்தினர் அப்பாவின் பேரை இரண்டு இடத்தில் தப்பாகச் சொல்லிவிட்டு, அவரோடு நெருங்கிப் பழகிய நாட்களை நினைவுகூர்ந்தார். வெயில் ஏறிக்கொண்டே வந்தது. அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, இரண்டு அளவு பெரிய டி-ஷர்ட்டில் முன்வரிசையில் உட்கார்ந்து, அண்ணன் முகம் மடிப்பில் கசங்காமல் நீவி நீவி விட்டுக்கொண்டிருந்தாள்.

கடைசியில் பெரியவன் மைக்கைப் பிடித்தான். கடைசியாக அப்பாவைப் பார்த்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிச் சொல்லப் போகிறேன் என்றான். சின்னவள் சட்டென்று மேடையை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்பா என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'தண்ணி குடுடா பெரியவனே, சின்னவகிட்ட சொல்லிடாதே'ன்னார்" என்றான். கூட்டம் சிரித்தது. "என் கையால ரெண்டு பாட்டில் குடுத்தேன். குழந்தை மாதிரி குடிச்சார். குடிச்சிட்டு என் தலையில கை வெச்சார். அந்த ஆசீர்வாதத்துலதான் இன்னிக்கு ஓடறேன்."

கைதட்டல் அடங்க நேரம் ஆயிற்று. ஷூ கடைக்காரர் கண்ணைத் துடைத்தார். முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பி, கண்டிப்பான அந்தச் சின்னவள் இவள்தானா என்று செல்லமாகச் சிரித்தபடி பார்த்தார்கள். ஊரைக் கூட்டி, மைக் வைத்து, வாய் கூசாமல் சொல்லிவிட்டான். கூசுவதற்கு அவனுக்கு அதில் ஒன்றும் இல்லை என்பதுதான் கொடுமை. அவன் அதை நல்ல கதை என்றே நினைத்திருந்தான்.

திரும்புமுனைக்குப் போகிற வேனில் டயாலிசிஸ் பிரிவின் மூத்த நர்ஸ் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்பாவை 'டைம் சார்' என்று கூப்பிட்டவள். ஊசி போட இரண்டு நிமிஷம் தாமதமானால் சார் கடிகாரத்தைப் பார்ப்பார், அதனால் வந்த பேர். வேன் இரண்டு தெரு தாண்டியதும் சின்னவள் பக்கம் சாய்ந்தாள்.

"ஞாயித்துக்கிழமையா?" என்றாள்.

"ஆமா."

"ரெண்டு லிட்டரா?"

"ஆமா."

"உங்க அண்ணனுக்கு இன்னும் தெரியாதா?"

சின்னவள் இல்லை என்று தலையசைத்தாள். நர்ஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதற்கு மேல் கேட்காததற்காக சின்னவளுக்கு அவள் மேல் பெரிய மரியாதை வந்தது.

பந்தலில் காகிதக் கப்புகளை வரிசையாக அடுக்கினார்கள். அப்பாவின் டம்ளரை அவள் பையில் கொண்டு வந்திருந்தாள். ஆணிக் கோடு வரை மொண்டு, ஒவ்வொரு கப்பிலும் ஊற்றினாள். கை தானாக நின்றது, ஒரு சொட்டு கூடவில்லை, குறையவில்லை. நர்ஸ் பார்த்துவிட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் முதல் ஓட்டக்காரன் வந்துவிட்டான்.

கல்லூரி மாணவன் போலிருந்தான். கப்பை எடுத்தான், ஒரே மடக்கு, காலியான கப்பைப் பார்த்தான், மறுபடி நீட்டினான்.

"அடுத்தது ஒன்பது இருபதுக்கு" என்றாள் சின்னவள்.

அவன் விழித்தான். அவளுக்கே அப்போதுதான் தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று உறைத்தது. மூன்று கப்பைச் சேர்த்து அவன் கையில் திணித்தாள். பிறகு இரண்டு கேனையும், தெரு முனையில் கும்பலாக வந்துகொண்டிருந்த கூட்டத்தையும் பார்த்தாள். வேகாத வெயிலில் ஐந்து கிலோமீட்டர் ஓடி வருகிற முந்நூறு பேருக்கு அவள் ஒரு சிறுநீரக நோயாளியின் காலைத் தண்ணீரை அளந்து வைத்திருக்கிறாள்.

அடுத்த அரைமணி நேரம் பட்ட பாடு சொல்லி மாளாது. முதலில் வந்தவர்கள் கப்பை வாங்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டார்கள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு வாய் குடித்துவிட்டு மீதியை ரோட்டில் வீசினார்கள், கேமராவுக்காக முகத்தில் அடித்துக்கொண்டார்கள். ஒருத்தர் ஷூவில் ஒட்டிய சேற்றைக் கழுவினார். தண்ணீருக்காக ஜன்னலில் வந்து நின்ற மனிதரின் படத்தை மார்பில் ஒட்டிக்கொண்டு கழுவினார். பின்னால் வந்தவர்களுக்குக் கால் கப் கிடைத்தது. அதற்கும் பின்னால் வந்தவர்களுக்குப் பேச்சு மட்டும்தான். இன்ஷூரன்ஸ்காரர், உங்கள் அப்பா பேரில் நடத்துகிறீர்கள், கஞ்சத்தனம் பண்ணலாமா என்று கேட்டுவிட்டுப் போனார். வேன் டிரைவர் கேன் எடுத்துவரக் கிளம்பிப் போனார்.

பெரியவன் கடைசியில் வந்தவர்களில் ஒருவன். எட்டே முக்கால் இருக்கும். புகைப்படக்காரர் ஒருவர் ஸ்கூட்டரில் பின்னோக்கி உட்கார்ந்து அவனைப் படம் எடுத்துக்கொண்டே வந்தார். ஸ்கூட்டர் தெரிகிற வரைக்கும் ஓட்டம், மறைந்தால் நடை. பந்தலுக்கு வந்ததும் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றான். உதடு வெளுத்து ஒட்டிப் போயிருந்தது.

"தண்ணி" என்றான்.

இரண்டாவது கேனைச் சாய்த்துப் பார்த்தாள். அடியில் ஒரு டம்ளருக்குத் தேறும். கப் தீர்ந்துவிட்டது. அவன் மேசையிலிருந்த டம்ளரைத் தானே எடுத்து நீட்டினான். நீட்டிய கை பாதியில் நின்றது. உள்ளே எட்டிப் பார்த்தான்.

"இது என்ன கோடு?"

நாலு வருஷம் அந்த வீட்டுக்கு வந்துபோனவன் கேட்கிற கேள்வி. அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது.

"நூறு மில்லி. அப்பாவோட அளவு."

"ஒரு வேளைக்கா?"

"ஒரு வேளைக்கு. நாளைக்கு ஆறு வேளை."

அவன் தலையாட்டினான். அறுநூறு என்று முணுமுணுத்தான். வியர்வையைக்கூட மில்லியில் அளக்கிறவன், கணக்கு அவனுக்குத் தெரியாத சமாச்சாரம் இல்லை. டம்ளரைப் பார்த்தான், கோட்டைப் பார்த்தான், உதடு அசைந்தது. சின்னவள் ஒரு வருஷமாகத் தயார் பண்ணி வைத்திருந்த வாக்கியத்துக்கு வேலையே இல்லாமல் போயிற்று. அந்தக் கோடு சொல்லிக்கொண்டிருந்தது. நர்ஸ் பக்கம் திரும்பினான். நர்ஸ் குனிந்து, கீழே கிடந்த கப்புகளைப் பொறுக்க ஆரம்பித்தாள்.

"நான் குடுத்தது..." என்றான். முடிக்கவில்லை. பிறகு, "டாக்டர் இதயம்னாரே" என்றான்.

"தண்ணி நெஞ்சுக்குள்ள போனா இதயம்தான் நிக்கும்."

பந்தலில் ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இருந்தது. அவன் அதில் உட்கார்ந்தான். டம்ளரை மேசையில் திரும்ப வைத்துவிட்டுப் பேசினான்.

"என்கிட்ட ஏன் கேக்கறீங்க, அவ வந்ததும் கேளுங்களேன்னு சொன்னேன். 'அவளுக்கு எல்லாம் தெரியும்டா. உனக்குத்தான் ஒண்ணும் தெரியாது, நீ குடு'ன்னார். கிண்டல் பண்றார்னு நினைச்சேன். மேடையில அதை விட்டுட்டேன், எனக்கு மரியாதையா இல்லையேன்னு." அவன் தங்கையை நிமிர்ந்து பார்த்தான். "குடிச்சா என்ன ஆகும்னு அவருக்குத் தெரியுமா?"

"முப்பத்தஞ்சு வருஷம் நேரம் பாத்தவர். அவருக்கா தெரியாது?"

சொல்லிவிட்டாளே தவிர, அவள் சொன்னது அவளையே ஓங்கி அறைந்தது. ஒரு வருஷமாக அவள் என்னென்னவோ நினைத்திருந்தாள். மகன் மேல்தான் பாசம், தன் கண்டிப்பு கசந்துவிட்டது, அதனால்தான் திருட்டுத்தனமாகக் குடித்தார் என்று. அப்படியில்லை. தெரிந்தவள் கையால் வாங்கிக் குடித்தால் பழி அவள் மேல் விழும். அதனால் ஒன்றும் தெரியாதவன் வரும்வரை காத்திருந்திருக்கிறார், அடுத்த வண்டிக்குக் காத்திருப்பதுபோல அவசரமே இல்லாமல். எல்லாம் சரியாகக் கணக்குப் போட்டவர், வீட்டுக்கு வந்ததும் அவள் எடை மெஷினைத் தூக்கி வருவாள் என்பதை மட்டும் மறந்துவிட்டார். துணி கனமாம். அவளுக்கு அவர்மேல் கோபம் பொங்கியது. கோபத்தோடு கூடவே, மூச்சு முன்னைவிட எளிதாக வந்தது. இரண்டும் ஒன்றாக வந்ததில் கண் நிறைந்துவிட்டது.

"நான் அன்னிக்கு எடை பாத்தேன்" என்றாள். "ரெண்டு கிலோ கூட இருந்துச்சு. ஆஸ்பத்திரிக்குப் போகலாமான்னு நினைச்சேன். அசதியா இருந்துச்சு. காலையில பாத்துக்கலாம்னு விட்டுட்டேன்."

ஒரு வருஷத்தில் முதல்முறையாக அதை வாய்விட்டுச் சொன்னாள். வேறு யாரிடமும் சொல்லியிருக்க முடியாது.   அவன் கைக் கடிகாரம் எழுந்திரு என்று அதிர்ந்தது. ஒருமுறை, இரண்டுமுறை. கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். அங்கேயும் அது கொஞ்ச நேரம் முனகிவிட்டு அடங்கியது.

புகைப்படக்காரர் வந்து, திரும்புமுனைப் பலகைக்குப் பக்கத்தில் ஓடுகிற மாதிரி ஒன்று எடுத்துவிடலாம், வெளிச்சம் பிரமாதமாக இருக்கிறது என்றார். பெரியவன் எழுந்திருக்கவில்லை. முழங்கால் மடக்கி, கை இரண்டையும் தொடைமேல் வைத்து, அசையாமல் உட்கார்ந்திருந்தான். மார்பில் அப்பாவும் அதேபோல உட்கார்ந்திருந்தார். அவருக்கு இப்போதுதான் அடியில் ஒரு நாற்காலி வந்திருந்தது.

சின்னவள் கேனை முழுக்கச் சாய்த்தாள். தண்ணீர் கோட்டுக்கு வந்தது. கை பழக்கத்தில் நிற்கப் பார்த்தது, அவள் நிறுத்தவில்லை. கோட்டைத் தாண்டி விளிம்பு வரை நிறைந்தது. பெரியவன் கையை நீட்டினான்.

அவள் டம்ளரைத் தன் வாய்க்குக் கொண்டுபோனாள். சுவர் பக்கம் திரும்பவில்லை. அண்ணனுக்கு எதிரே, அவன் மார்பில் இருந்த அப்பாவுக்கு எதிரே நின்று, தொண்டைச் சத்தம் கேட்கக் கேட்க, நிறுத்தாமல் முழுவதும் குடித்தாள்.

"வேன் கேன் எடுக்கப் போயிருக்கு" என்றாள் வாயைத் துடைத்துக்கொண்டு. "பத்து நிமிஷம் ஆகும்."

நீட்டிய கையை அவன் மடக்கிக்கொண்டான். வேன் வர இருபது நிமிஷம் ஆனது. அதுவரை அவன் அந்த நாற்காலியை விட்டு எழவில்லை.